பன்னிரண்டாவது முடிச்சு

அன்று கயிற்றில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் முடிச்சில் ராக்கு. எல்லாரிலும் சின்னவள். இரண்டாவது சின்னான், ராக்குவின் அண்ணன். மூன்றாவது வீராயி, எந்நேரமும் மூக்கு ஒழுகும். நான்காவது பெருமாள். ஐந்தாவது காளியம்மா. ஆறாவது பழனி, திக்குவாய். அவன் தன் எண்ணைச் சொல்லி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருப்போம். ஏழாவது மீனாட்சி. எட்டாவது முனியாண்டி, சேட்டைக்காரன். ஒன்பதாவது பாக்கியம். பத்தாவது மாரிமுத்து, கங்காணியின் மகன். பதினோராவது அஞ்சலை. எல்லாரிலும் பெரியவள், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவள்.

கயிற்றின் தலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நான். எனக்குப் பக்கத்தில் குடையோடு பெரிய வாத்தியார். வேறு யாரும் இல்லை.

இப்போது பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. தோட்டத்தில் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, பக்கத்திலேயே புதுப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். நான் வேலையை விட்ட பிறகு வந்தது அது. அங்கே கயிறு தேவையில்லை. ஆனால் பழைய கயிறு அங்கேதான் ஆணியில் தொங்குகிறது. எனக்குப் பின் வந்த சின்ன வாத்தியார், அவரும் ஒருநாள் அந்தக் கயிற்றோடு நடந்தவர்தான், அதைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னார். மற்ற தோட்டங்களில் இருந்து வரும் புது வாத்தியார்கள் கேட்கிறார்களாம். வாயால் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைக்கிறார் போல.

நான் படித்தது நாலாம் வகுப்பு. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்சநாள் பின்வாங்கில் உட்கார வைத்து, பாடம் நடத்துவது எப்படி என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். பிறகு இங்கே அனுப்பிவிட்டார்கள். வேறு யாரும் வர மாட்டேன் என்றார்கள். அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

ஏன் வர மாட்டேன் என்றார்கள் என்பது வந்த பிறகு தெரிந்தது.

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தோட்டம் அது. பள்ளிக்கூடம் மலையின் மேல் பக்கம், பழைய காப்பி ஸ்டோரில் நடந்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தபின் சும்மா கிடந்த கட்டடம். லயங்கள் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒற்றையடிப் பாதை. பாதையின் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பகல் சாய்ந்தால் பனிமூட்டம் இறங்கும். இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது.

எனக்கு முன்னால் இருந்த வாத்தியார், பள்ளிக்கூடம் விட்டதும் மணியடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார். எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒருநாள் மூட்டத்தில் செல்லாயி என்பவளின் மகள் பொன்னி வீடு வந்து சேரவில்லை. ஏழு வயது. தோட்டமே பள்ளத்தில் இறங்கித் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு துணி கூட. அந்த வாத்தியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது.

பெரிய வாத்தியார்தான் அதைத் திறக்க வைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவர் பார்வையில் இருந்தன. மெலிந்த ஆள். குரல் உயர்த்த மாட்டார். வந்தால் உடனே உள்ளே வர மாட்டார். வெளியே நின்று கொஞ்சநேரம் கேட்பார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவார். பாடத்தைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார். முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

“எத்தனை பிள்ளைங்க வந்தாங்க, எத்தனை பிள்ளைங்க போய்ச் சேர்ந்தாங்க?”

நான் வேலைக்கு வந்த முதல் நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

“வாத்தியாரே, எழுத்து ரெண்டாவது. தாய்கிட்ட எண்ணி வாங்குறீங்க. தாய்கிட்ட எண்ணிக் குடுக்கணும். அது முடிஞ்சாத்தான் உங்க வேலை முடிஞ்சது.”

பிறகு லயம் லயமாக என்னைக் கூட்டிப் போனார். ஒவ்வொரு தாயிடமும், “இவர் கையில குடுங்க, இவர் கையால வாங்கிக்கங்க” என்றார். செல்லாயி வீட்டு வாசலிலும் நின்றார். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றார்.

செல்லாயிதான் கேட்டாள். “எப்பிடிங்க கூட்டியாருவீங்க?”

“கயிறு ஒண்ணு பிடிச்சு” என்றார் பெரிய வாத்தியார்.

“கயிறு நான் திரிக்கிறேன்.”

பழைய சேலையைக் கிழித்து, நாரோடு சேர்த்துத் திரித்தாள். பிள்ளை கைக்கு அடங்கும்படி முடிச்சுப் போட்டாள். கொண்டுவந்து கொடுத்தபோது பிள்ளைகள் பதினொன்று. முடிச்சு பன்னிரண்டு.

“ஒண்ணு கூட இருக்கே” என்றேன்.

“இருக்கட்டுங்க” என்றாள்.

கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

நடக்கிற முறை இதுதான். பள்ளிக்கூட வாசலில் நிறுத்துவேன். சின்னது முன்னால், பெரியது பின்னால். வலது கை முடிச்சில், இடது கை கம்பளிக்குள். நடக்கும்போது பேச்சில்லை. வழியில் மூன்று இடத்தில் நிற்போம். பாறை, கான் முனை, பாலம். கான் என்றால் மலைத் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். பள்ளத்துக்குப் பக்கத்தில் அது திரும்பும் இடம் கான் முனை. நின்ற இடத்தில் முன்னாலிருந்து ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையாவது கயிற்றை விட்டுவிட்டால் ஒரு அடிகூட நடக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, ஒன்றிலிருந்து சத்தமாக எண்ண வேண்டும், ஆள் வரும்வரை. இதைப் பெரிய வாத்தியாரே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பாலம் தாண்டினால் மடுவம், கொழுந்து நிறுக்கும் கொட்டகை. கொழுந்து நிறுத்துவிட்டு நிற்கும் தாய்மாரிடம் பெயர் சொல்லி ஒவ்வொரு பிள்ளையாகக் கொடுப்பேன்.

கங்காணி தராசுக்குப் பக்கத்தில் நின்று கேலி பேசுவார்.

“என்ன வாத்தியாரே, இன்னிக்குப் புள்ளை எத்தனை ராத்தல்?”

“பதினொண்ணுங்க.”

“தண்ணிக்குக் கழிச்சீங்களா? நனைஞ்ச கொழுந்துக்கு நான் கழிப்பேன்!”

“எங்கள மட்டும் கழிங்க, உங்க மகன கழிக்காதீங்க” என்பாள் அஞ்சலையின் தாய் மூக்காயி. பெண்கள் சிரிப்பார்கள். இப்படித்தான் ஆரம்ப நாட்கள் போயின.

மழைக்காலம் வந்தது. முதல் மூட்டம் இறங்கிய நாள், பாறையில் நிறுத்தி எண்ணச் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு என்று வந்தது. பழனிக்காகக் காத்திருந்தோம். அஞ்சலை தன் கட்டைக் குரலில் பதினொண்ணு என்றாள்.

அதற்குப் பின்னாலிருந்து, “பன்னெண்டு.”

சின்னக் குரல். குளிரில் உதடு விறைத்தால் வருமே, அப்படி.

கயிற்றைப் பிடித்தபடியே பின்னால் போனேன். அஞ்சலை பதினோராவது முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் முடிச்சு.

“யாரு சொன்னது?”

“பின்னாடி” என்றாள் அஞ்சலை.

“பின்னாடி யாரு?”

அவள் தோளைக் குலுக்கினாள்.

முனியாண்டியின் வேலை என்று நினைத்தேன். அவனை முன்னால் கூட்டிவந்து என் வேட்டியைப் பிடிக்கச் சொன்னேன். கான் முனையில் மறுபடி எண்ணினோம். பன்னெண்டு வந்தது. முனியாண்டி அண்ணாந்து பார்த்தான்.

“நான் இல்லீங்க ஐயா. இந்தா வாயை மூடித்தான் இருக்கேன்.”

வெயில் நாளில் வராது. மூட்டத்தில் மட்டும் வரும். பிள்ளைகள் பயப்படவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. ஒருநாள் ராக்குவிடம் கேட்டேன்.

“பின்னாடி வர்றது யாரும்மா?”

“பின்னாடி வர்ற புள்ள” என்றாள். அவளுக்கு அது போதும்.

கயிறும் அந்த நாட்களில் வேறு மாதிரி இருக்கும். வால் தொங்காது. கடைசி முடிச்சு வரை நேராக நிற்கும். பக்கத்தில் போனால் தளர்ந்துவிடும்.

மடுவத்தில் எல்லாரும் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபின் செல்லாயி நிற்பாள். கூடை முதுகில் இருக்கும்.

“எல்லாம் வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சும்மா.”

“கடைசி முடிச்சு?”

முதல் தடவை அப்படிக் கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

“அதுவும் வந்துச்சு.”

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு மூட்டம் இறங்கிய நாளெல்லாம் கேட்டாள். நானும் சொன்னேன்.

பெரிய வாத்தியார் வந்தபோது உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

“நீங்க நம்புறீங்களா?”

“நம்புறது நம்பாததுன்னு இல்லீங்க ஐயா. கேக்குது.”

“சரி. அது எதுவா வேணா இருக்கட்டும். ஆனா இதைப் பாருங்க. காலி முடிச்சு ஒண்ணு இருந்தா ஆபத்து. கூட ஒரு எண்ணு கேட்டுப் பழகிட்டா, ஒருநாள் ஒரு பிள்ளை விடுபட்டாலும் பதினொண்ணு வரும். நீங்க சரின்னு போயிருவீங்க.”

அது சரியான பேச்சு. எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

“பிள்ளை பதினொண்ணுன்னா முடிச்சு பதினொண்ணு” என்றார். பென்சில் சீவும் கத்தியை எடுத்துக் கடைசி முடிச்சை அறுத்தார். என் கையில் வைத்தார்.

“அந்த அம்மாகிட்ட குடுத்துருங்க. அறுத்தது நான்னு சொல்லுங்க. இல்ல, வேணாம். நானே வந்து சொல்றேன்.”

முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே மூட்டம் இறங்கியது. அந்த நாளில் இருந்தவர்களைத்தான் முதலில் சொன்னேன்.

பாறையில் நின்றோம். எண்ணினார்கள். அஞ்சலை பதினொண்ணு என்றாள். காத்திருந்தேன். பின்னால் சத்தமில்லை. பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. சட்டைப் பைக்குள் முடிச்சு ஈரமாக நெஞ்சில் ஒட்டியது. மழைதான் என்று நினைத்தேன்.

கான் முனையில் தண்ணீர் பாதைமேல் ஓடியது. நிறுத்தினால் சின்னதுகளின் காலை இழுக்கும். நிற்காமல் தாண்டினோம்.

பாலத்தில் நின்றோம்.

“ஒண்ணு.” “ரெண்டு.” “மூணு.” “நாலு.” “அஞ்சு.” பழனிக்காகக் காத்திருந்தோம். “ஆ… ஆறு.” “ஏழு.” “எட்டு.” “ஒம்போது.” “பத்து.”

“பதினொண்ணு.”

“சரி, போலாம்” என்றார் பெரிய வாத்தியார்.

நான் நகரவில்லை. எண் சரி. குரல் சரியில்லை. அஞ்சலைக்குக் கட்டைக் குரல். இது அது இல்லை. இந்தக் குரல் எனக்குத் தெரியும்.

“ஐயா, ஒரு பிள்ளை கொறையுது.”

“பதினொண்ணு சொல்லியாச்சே, வாத்தியாரே.”

“தொட்டு எண்ணிப் பாருங்க ஐயா.”

அவர் குடையைக் கீழே போட்டார். ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு பின்னால் போனார். நானும் போனேன். மாரிமுத்துவோடு பத்து. அவனுக்குப் பின்னால் பதினோராவது முடிச்சு. கயிறு விறைப்பாக நின்றது, யாரோ பிடித்திருப்பது போல. அங்கே யாரும் இல்லை. பெரிய வாத்தியார் கையை நீட்டினார். தொடும் முன் கயிறு தொங்கிவிட்டது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அப்போதும் குரல் உயரவில்லை.

“இந்தப் பத்துப் பேரை நான் பிடிச்சுக்கிறேன். நீங்க போங்க. ஓடாதீங்க. கேட்டுக்கிட்டே போங்க.”

கயிற்றின் தலையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். ஒரு கையால் தேயிலைச் செடியைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். செடி பக்கம் இருக்கும்வரை பள்ளம் இல்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பிள்ளை குரல் வந்த பக்கம் நடந்துவிடும்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்குள்ளே வேறொன்று கேட்டது.

“எம்பத்தி மூணு. எம்பத்தி நாலு. எம்பத்தி அஞ்சு.”

கட்டைக் குரல்.

அஞ்சலை கானைத் தாண்டி, பாதையை விட்டுக் கீழே நின்றாள். பள்ளத்தின் விளிம்பு. அவள் பெருவிரலுக்கு முன்னால் மண் இல்லை. இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நேராக நின்றாள். மேலே கம்பளி இல்லை.

பின்னால் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தாள். “போதும்மா” என்றேன். நிறுத்தினாள்.

“நூறு வரைக்கும்தாங்க தெரியும். திரும்பத் திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணுனேன்.”

“ஏன் கயித்த விட்ட?”

“விடலீங்க. குடுத்தேன்.”

“யாருக்கு?”

“பின்னாடி வர்ற புள்ளைக்கு. அதோட முடிச்சக் காணோம்னுச்சு. உன்னோடதக் குடுன்னுச்சு. சின்னப் புள்ளைங்க. நனைஞ்சு போயிருந்துச்சு. நான் பெரிய புள்ளதானேன்னு குடுத்தேன். கம்பளியும் குடுத்தேன்.”

வாத்தியாராகிய நான் செய்திருக்க வேண்டியதைத்தான் அவள் செய்தாள். அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பாலத்தில் பெரிய வாத்தியார் நான் விட்டு வந்த இடத்திலேயே நின்றார். பத்துப் பிள்ளைகளையும் தன்னைச் சுற்றி நெருக்கி நிறுத்தியிருந்தார். அஞ்சலையை இறக்கியதும் அவள் தலையைத் தொட்டார். “பதினொண்ணு” என்றார். பிறகு அவள் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

மடுவத்தில் தாய்மார் காத்திருந்தார்கள். நேரமாகிவிட்டது. மூக்காயி பாதி வழி ஓடி வந்துவிட்டாள். மகளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“கம்பளி எங்கடி?”

அஞ்சலை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். கங்காணி தராசை விட்டுவிட்டு வந்தார். கேலி பேசவில்லை.

பெரிய வாத்தியார் நேராகச் செல்லாயியிடம் போனார்.

“கடைசி முடிச்ச நான்தான் அறுத்தேம்மா. எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு அறுத்தேன். உங்களைக் கேட்டிருக்கணும். கேக்கல.”

செல்லாயி அவரைப் பார்க்கவில்லை. அஞ்சலையைத்தான் பார்த்தாள்.

“குளிருதுன்னாளா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க அக்கா.”

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். “கயித்தக் கொளுத்துங்க! நாளையிலேருந்து எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்!” இன்னொருத்தி, “பேய்க்கு ஒரு முடிச்சு, நம்ம புள்ளைக்கு ஒரு முடிச்சா?” என்றாள். சத்தம் கூடியது. கங்காணி, “ஆமா வாத்தியாரே, கொளுத்திருங்க, பள்ளிக்கூடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்” என்றார்.

செல்லாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எம்மவ யாரையும் தள்ளல. முடிச்சுத்தான் கேட்டா.”

பெரிய வாத்தியார் கையைத் தூக்கினார். சத்தம் நின்றது. அவர் பேசியது மூக்காயியிடம்.

“தொலஞ்சு போக இருந்தது உங்க பிள்ளை. நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதச் செய்யிறோம்.”

மூக்காயி மகளைத் தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். செல்லாயி பக்கம் திரும்பினாள்.

“கட்டு செல்லாயி” என்றாள். “அதுக்கு ஒண்ணு கட்டு. இல்லாட்டி திரும்ப எம்புள்ளயோடதத்தான் கேக்கும்.”

நான் சட்டைப் பையிலிருந்து அறுந்த முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். செல்லாயி தன் தலைத் துணியில் ஒரு துண்டு கிழித்து, அறுந்த இடத்தில் சேர்த்துக் கட்டினாள். பெரிய வாத்தியார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கம் போதுமா என்று அவரே இழுத்துப் பார்த்தார்.

அன்று இரண்டு காரியம் பேசி முடிவானது. மூட்டம் இறங்கும் நாளில் எண்ணைக் குரலால் கேட்பதோடு, தலையைத் தொட்டும் எண்ண வேண்டும். இரண்டும் எண்ணாமல் நகரக் கூடாது. அடுத்தது, அந்த நாட்களில் தாய்மாரில் ஒருத்தி மலையேறி வந்து கயிற்றின் பின்னால் நடக்க வேண்டும். முறை வைத்து. அந்த நேரத்துக்குப் பேர் வெட்டக் கூடாது, அதாவது கூலியில் பிடிக்கக் கூடாது. கங்காணி முதலில் முணுமுணுத்தார். பெரிய வாத்தியார் துரை பங்களாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. பேர் வெட்டவில்லை.

மறுநாள் கூட்டிவரப் போனேன். ஒரு பிள்ளையும் வராது என்று நினைத்துத்தான் போனேன். மூக்காயி அஞ்சலையைக் கையைப் பிடித்து வாசலில் நிறுத்தியிருந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அனுப்பினார்கள்.

அஞ்சலையின் கம்பளி கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப்பின் நெடுங்காலம் நடந்தேன். பிள்ளைகள் கூடினார்கள். செல்லாயி முடிச்சுகளைக் கூட்டித் தந்தாள். எத்தனை பிள்ளையோ அதற்கு மேல் ஒன்று. கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. தொட்டு எண்ணினால் பிள்ளைகள். கேட்டு எண்ணினால் ஒன்று கூட. ஒன்று கூட வந்தால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவே எனக்கு நிம்மதியாகிவிட்டது. செல்லாயி தன் முறை வரும் நாளில் பின்னால் நடப்பாள். கடைசி முடிச்சைப் பிடிக்க மாட்டாள். அதற்குப் பக்கத்தில் நடப்பாள்.

பெரிய வாத்தியார் ஊருக்குத் திரும்பிப் போகுமுன் ஒருநாள் வந்தார். வழக்கம்போல் வெளியே நின்று கேட்டார். உள்ளே வந்தார்.

“எத்தனை வந்தாங்க, எத்தனை போய்ச் சேர்ந்தாங்க?”

சொன்னேன்.

“கடைசி முடிச்சு?”

“வந்துச்சுங்க ஐயா.”

“நல்லது” என்றார்.

செல்லாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஓடைக்குப் பக்கத்தில் புதைத்தோம். இனிமேல் அந்தக் குரல் வராது என்று நினைத்தேன். தாய் இருக்கும் இடத்துக்குப் பிள்ளை போய்விடும் என்று மடுவத்துப் பெண்களும் சொன்னார்கள். அந்த வருஷம் மழை குறைவு. மூட்டம் இறங்கவில்லை. அதனால் தெரியவில்லை.

என் கடைசி நாளில் சின்ன வாத்தியார் கூட வந்தார். வேலையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பாறை வரும்போது வெளிச்சம் இருந்தது. கான் முனையில் மூட்டம் இறங்கிவிட்டது. பாலத்தில் நிறுத்தினேன். கயிற்றின் தலையை அவர் கையில் கொடுத்தேன்.

“முதல்ல தொட்டு எண்ணுங்க தம்பி.”

அவர் தலை தலையாகத் தொட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

“பத்தொம்பதுங்க ஐயா.”

“சரி. இப்ப அவங்களச் சொல்லச் சொல்லுங்க.”

பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். சின்ன வாத்தியார் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பிறகு மடக்கிய விரலோடு என்னைப் பார்த்தார்.

இருபது.